மரத்துப்போகும் ஊசி வேறு, மயக்கம் வேறு... பல் எடுக்கப் பயப்படுபவர்கள் கவனத்துக்கு!

கன்னத்தில் கிராம்பை அடக்கிக்கொள்வது, மெடிக்கல் ஷாப்பில் ஒரு வலி மாத்திரை வாங்கிப் போடுவது, மூன்று நாள் கழித்து வலி குறைந்ததும் 'சரியாகிடுச்சு' என்று அப்படியே விட்டுவிடுவது... சொத்தைப் பல் இருக்கும் பல வீடுகளில் நடக்கும் கதைதான் இது. ஆறு மாதம் கழித்து அதே பல் மறுபடியும் வலிக்கும். இந்த முறை கன்னமும் வீங்கியிருக்கும். 'அப்பவே போயிருக்கலாம்ல?' என்று வீட்டில் திட்டு விழும்.

அப்போதே போகாததற்கு 'லீவு கிடைக்கலை', 'செலவு ஆகும்' என்று காரணங்கள் வெளியே வரும். வெளியே வராத காரணம் பயம். சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் உள்ள பிரச்னை அல்ல இது. பிரசவ வலியைத் தாங்கிய அம்மாவும், மீசையை முறுக்கும் அப்பாவும் பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்ததும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள்.

இந்தப் பயத்தை நாம் கண்டுகொள்ளாமல் விடக் காரணம், அதை வெட்கப்பட வேண்டிய விஷயமாக நினைப்பதுதான். உண்மையில், வலிக்கு மருந்து இருப்பதைப் போலவே பயத்துக்கும் பல் மருத்துவத்தில் தனியாக வழி இருக்கிறது. அதை யாரிடம், எப்படிக் கேட்பது என்று தெரிந்திருந்தால் போதும்.

எல்லாமே 'மயக்க ஊசி' இல்லை!

'மயக்க ஊசி போட்டுத்தான் பல்லை எடுத்தாங்க' என்று சாதாரணமாகச் சொல்வோம். ஆனால், இந்த ஒரே வார்த்தையில் மூன்று வெவ்வேறு விஷயங்கள் கலந்துகிடக்கின்றன.

முதலாவது, மரத்துப்போகும் ஊசி. இதை 'லோக்கல் அனஸ்தீசியா' என்பார்கள். ஈறில் போடப்படும் இந்த மருந்து, அந்தப் பல்லிலிருந்து மூளைக்கு வலியைக் கொண்டுசெல்லும் நரம்பை மட்டும் சில மணி நேரம் தடுத்து நிறுத்தும். நினைவு அப்படியே இருக்கும். பெரும்பாலான பற்கள் இந்த ஒரு ஊசியோடுதான் எடுக்கப்படுகின்றன. அதிகம் பயன்படும் மருந்து லிக்னோகெயின். 1943-ல் ஸ்வீடனில் கண்டுபிடிக்கப்பட்ட இந்த மருந்து, இன்றும் உலகமெங்கும் பல் கிளினிக்குகளில் கைகொடுக்கிறது.

இரண்டாவது, செடேஷன். இது பதற்றத்தைத் தணிக்கும் சிகிச்சை. ஆள் முழுதாகத் தூங்கிவிட மாட்டார். அரைத்தூக்கம் போல ஒரு நிலை. 'வாயைத் திறங்க' என்றால் திறப்பார், கேட்டால் பதில் சொல்வார். ஆனால், மனம் படபடக்காது.

மூன்றாவது, முழு மயக்கம். பெரிய ஆபரேஷன்களுக்குக் கொடுப்பது இதைத்தான். எழுப்பினாலும் எழ மாட்டார்; மூச்சுக்கும் உதவி தேவைப்படலாம். ஆபரேஷன் தியேட்டரும் மயக்கவியல் டாக்டரும் கட்டாயம். பிரிட்டனில் சாதாரணப் பல் கிளினிக்குகளில் முழு மயக்கம் கொடுப்பது 2001-ம் ஆண்டு முடிவோடு நிறுத்தப்பட்டு, ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும் என்று ஆக்கப்பட்டது. அந்த அளவுக்குக் கவனம் தேவைப்படும் விஷயம் இது.

இங்கே ஒன்றை மறந்துவிடக் கூடாது. செடேஷன் பயத்தைத்தான் குறைக்கும். வலியைத் தடுக்கும் வேலை ஈறில் போடும் ஊசியுடையது. எனவே, செடேஷன் கொடுத்தாலும் மரத்துப்போகும் ஊசி உண்டு. அது உள்ளே போவது பெரிதாகத் தெரியாது, அவ்வளவுதான்.

ஊசி போட்ட பிறகும் ஏதோ தெரிகிறதே?

'மரத்துப்போச்சுன்னு சொன்னாங்க... ஆனா அவர் இழுக்கிறது நல்லாவே தெரிஞ்சுதே!' என்பது பலரின் புகார். தெரிந்திருக்கும். காரணம், வலியைக் கடத்தும் நரம்பு இழைகள் மெல்லியவை; ஊசி மருந்துக்கு எளிதில் அடங்கிவிடும். அழுத்தத்தையும் தொடுதலையும் கடத்தும் இழைகள் தடிமனானவை. அவை அவ்வளவு எளிதில் அடங்காது. அதனால் பல்லை அசைப்பது, அழுத்துவது, எலும்பிலிருந்து விடுபடும்போது வரும் 'கரக்' சத்தம் எல்லாம் தெரியும். குத்தும் வலி மட்டும் தெரியாது.

இது முன்கூட்டியே தெரியாதவர், அழுத்தம் வந்ததும் 'அய்யோ, மருந்து வேலை செய்யலை' என்று பதறிவிடுவார். தெரிந்தவர், 'இது அழுத்தம்தான்' என்று அமைதியாக இருப்பார். உணர்வு ஒன்றுதான், அனுபவம் வேறு.

கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ஊசி போட்டிருந்தால், அந்தப் பக்கத்துக் கீழ் உதடு தடித்துப்போனது போல இருக்க வேண்டும். இருக்கிறதா என்று டாக்டர் கேட்பார். இல்லையென்றால் 'இன்னும் மரக்கலை டாக்டர்' என்று தயங்காமல் சொல்லலாம். காத்திருப்பதா, இன்னொரு ஊசியா என்று அவர் முடிவெடுப்பார். ஊசி போட்டதும் ஓரிரு நிமிடங்கள் நெஞ்சு படபடத்தால், அதில் கலந்திருக்கும் அட்ரினலின் காரணமாக இருக்கலாம். பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். ஆனாலும் டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது. இதய நோய் உள்ளவர்கள் அதை ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

சிலருக்கு உண்மையிலேயே ஊசி சரியாகப் பிடிக்காது. சீழ் பிடித்து வீங்கிய இடத்தில் திசு அமிலத்தன்மையுடன் இருக்கும். அங்கே மரத்துப்போகும் மருந்தின் வீரியம் குறையும். வலிக்குப் பயந்து ஆறு மாதம் தள்ளிப்போட்டவருக்கு, அந்தத் தள்ளிப்போட்டதாலேயே வலி அதிகமாகும் என்பதுதான் இதில் கொடுமை. சொத்தை சின்னதாக இருக்கும்போதே போனால் ஒரு ஃபில்லிங்கோடு முடிந்திருக்கும். பல்லை எடுக்கவே வேண்டியிருந்திருக்காது.

பயம் வலியைக் கூட்டுமா?

கூட்டும். பதற்றத்தில் தசைகள் இறுகும், இதயம் வேகமாகத் துடிக்கும், சின்னத் தொடுதலையும் மூளை ஆபத்தாக எடுத்துக்கொள்ளும். நினைவையும் பயம் மாற்றிவிடும். பல் சிகிச்சைக்கு வந்தவர்களிடம் 'எவ்வளவு வலிக்கும் என்று நினைக்கிறீர்கள்?' என்று முன்பும், 'எவ்வளவு வலித்தது?' என்று முடிந்த உடனேயும், மூன்று மாதம் கழித்தும் கேட்ட ஓர் ஆய்வு 1985-ல் வெளியானது. பயம் அதிகம் உள்ளவர்கள் மூன்று மாதம் கழித்துச் சொன்ன வலி, அவர்கள் உண்மையில் உணர்ந்த வலியைவிட, முன்பு எதிர்பார்த்துப் பயந்த வலிக்கு நெருக்கமாக இருந்தது. 'போன தடவை உயிரே போயிடுச்சு' என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. பயம் அவருக்கு அப்படி நினைவு வைத்துக் கொடுத்திருக்கிறது.

இந்தப் பயத்தை அளக்க, 'எம்.டி.ஏ.எஸ்' என்ற ஐந்து கேள்விகள் கொண்ட அளவுகோல் உலகமெங்கும் பயன்படுகிறது. நாளைக்குப் பல் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றால், காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருந்தால், பல்லை டிரில் செய்யப் போகிறார்கள் என்றால், பல்லைச் சுத்தம் செய்யப் போகிறார்கள் என்றால், ஈறில் ஊசி போடப் போகிறார்கள் என்றால் எவ்வளவு பதற்றமாக இருக்கும் என்பவைதான் அந்தக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 19 அல்லது அதற்கு மேல் வந்தால், அது சாதாரணத் தயக்கம் அல்ல. சிகிச்சையில் தனிக் கவனம் தேவைப்படும் பயம்.

செடேஷனில் என்னென்ன வகை?

1. சிரிப்பு வாயு: நைட்ரஸ் ஆக்ஸைடு என்ற வாயுவை ஆக்ஸிஜனோடு கலந்து, மூக்கின் மேல் ஒரு சின்ன மாஸ்க் வைத்துக் கொடுப்பார்கள். சில நிமிடங்களில் கை கால்கள் லேசாகி, மனம் தளரும். வேலை முடிந்ததும் சுமார் ஐந்து நிமிடம் வெறும் ஆக்ஸிஜன் கொடுப்பார்கள்; பழைய நிலைக்கு வந்துவிடலாம். குழந்தைகளுக்கு அதிகம் பயன்படுவது இதுதான். ஆனால், சளி பிடித்து மூக்கடைத்திருந்தால் பலன் தராது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தவிர்ப்பார்கள். கடுமையான நுரையீரல் நோய், வைட்டமின் பி12 குறைபாடு இருந்தாலும் முன்பே சொல்ல வேண்டும்.

2. மாத்திரை அல்லது சிரப்: டயஸிபாம், மிடஸோலாம் போன்ற மருந்துகளைச் சிகிச்சைக்கு முன்பாகக் கொடுப்பார்கள். எளிதான முறை. ஆனால், உள்ளே போன பிறகு அளவைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஒருவருக்கு லேசான தளர்ச்சி தரும் அதே அளவு, இன்னொருவரைத் தூங்க வைத்துவிடலாம்.

3. நரம்பு வழி ஊசி: கையில் உள்ள ரத்தக்குழாய் வழியாக, பெரும்பாலும் மிடஸோலாம் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துவார்கள். ஆளைப் பார்த்து அளவை முடிவு செய்யலாம். சிகிச்சை நடந்ததே பலருக்கு ஞாபகம் இருக்காது. எலும்புக்குள் புதைந்த ஞானப்பல்லை எடுப்பது போன்ற சிக்கலான வேலைகளுக்கும், பயம் மிக அதிகம் உள்ளவர்களுக்கும் இது உதவும். மருந்து அதிகமாகிவிட்டால் அதை முறிக்கும் ஃப்ளுமஸெனில் என்ற மருந்தும் உண்டு. ஆனால், மூச்சு மந்தமாகும் அபாயம் இருப்பதால், பயிற்சி பெற்றவர்தான் கொடுக்க வேண்டும்.

பல்லில் பிறந்த மயக்கவியல்

இன்று இதய ஆபரேஷன் வரை கைகொடுக்கும் மயக்கவியலின் முதல் அத்தியாயத்தில் ஒரு பல்தான் இருக்கிறது. 1844 டிசம்பர் 10. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில், சிரிப்பு வாயுவை ஆட்களுக்குக் கொடுத்து வேடிக்கை காட்டும் நிகழ்ச்சி. வாயுவை முகர்ந்த ஒருவர் காலில் அடிபட்டும் அதை உணரவே இல்லை. பார்வையாளர்களில் ஒருவரான ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் இதைக் கவனித்தார். மறுநாளே அந்த வாயுவைத் தானே முகர்ந்து, இன்னொரு பல் மருத்துவரிடம் தன் கடைவாய்ப் பல்லை எடுக்கச் சொன்னார். வலி தெரியவில்லை!

அடுத்த மாதம் பாஸ்டனில் டாக்டர்கள் முன்னிலையில் செய்துகாட்டியபோது, பல் எடுக்கும் நேரத்தில் நோயாளி கத்திவிட்டார். கூடியிருந்தவர்கள் வெல்ஸை ஏமாற்றுக்காரர் என்று கேலி செய்தார்கள். 1846-ல் அவரது பழைய கூட்டாளியான வில்லியம் மார்ட்டன், ஈதரைப் பயன்படுத்தி முதலில் ஒரு பல்லை வலியில்லாமல் எடுத்தார். பிறகு அக்டோபர் 16-ல் பாஸ்டன் ஆஸ்பத்திரியில் ஈதர் கொடுத்து ஆபரேஷன் நடந்தபோது உலகம் நம்பியது. வெல்ஸின் வாயுவோ, இன்றும் பல் கிளினிக்குகளில் இருக்கிறது.

கேட்க வேண்டிய கேள்விகள்

செடேஷன் எல்லாக் கிளினிக்குகளிலும் இருக்காது. இருக்கும் இடத்தில், ஒப்புக்கொள்வதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்.

* மருந்தைக் கொடுப்பது யார்? பல்லை எடுப்பவரைத் தவிர, நோயாளியைக் கவனிக்க மட்டும் ஒருவர் இருப்பாரா?
* பல்ஸ் ஆக்ஸிமீட்டர் மாட்டுவார்களா? கொரோனா காலத்தில் வீட்டிலேயே விரலில் மாட்டிப் பார்த்தோமே, அதே கருவிதான்.
* ஆக்ஸிஜனும், அவசர மருந்துகளும் கையருகே இருக்கின்றனவா?
* எவ்வளவு நேரம் கழித்து வீட்டுக்கு அனுப்புவார்கள்?

குழந்தைக்கு என்றால் இந்தக் கேள்விகள் இன்னும் முக்கியம். இவற்றைக் கேட்டால் நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

ஆஸ்துமா, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கப் பிரச்னை, கல்லீரல், சிறுநீரக நோய், வலிப்பு, தூக்க மாத்திரைப் பழக்கம், குடிப்பழக்கம் எதையும் மறைக்கக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், பல் எடுக்க வேண்டும் என்பதற்காகத் தாங்களாகவே அதை நிறுத்தக் கூடாது. இதய டாக்டரிடமும் பல் டாக்டரிடமும் கேட்ட பிறகே முடிவு.

'ஒரு கட்டிங் போட்டா வலி தெரியாது!'

ஆபத்தான யோசனை. மதுவும் செடேஷன் மருந்தும் சேர்ந்தால் மூச்சையே மந்தமாக்கிவிடும். ரத்தப்போக்கும் அதிகமாகலாம். வீட்டில் பாட்டிக்கு எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையை 'தைரியத்துக்கு' போட்டுக்கொண்டு போவதும் அதே அளவு தவறு. வலி மாத்திரையைப் பொடித்துப் பல்லருகே ஈறில் வைப்பதும் வேண்டாம். ஈறு வெந்து புண்ணாகிவிடும்.

சாப்பிட்டுவிட்டுப் போகலாமா?

மரத்துப்போகும் ஊசி மட்டும் என்றால், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வெறும் வயிறும் பயமும் சேர்ந்தால் தலைசுற்றி மயங்கி விழ வாய்ப்பு அதிகம். சுகர் உள்ளவர்கள் வழக்கமான உணவையும் மாத்திரையையும் தவறவிடக் கூடாது.

நரம்பு வழி செடேஷன் அல்லது முழு மயக்கம் என்றால் நேர் எதிர். பொதுவாகத் திட உணவு 6 மணி நேரம், தண்ணீர் 2 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். உங்களுக்கு எது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். மாத்திரை அல்லது நரம்பு வழி செடேஷன் என்றால், கூட ஒருவர் வர வேண்டும். அன்று முழுவதும் பைக் ஓட்டுவது, முக்கியமான பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது, தனியாக இருப்பது கூடாது.

மருந்தில்லாமலும் பயம் குறையும்

எல்லோருக்கும் செடேஷன் தேவையில்லை. பலருக்குச் சின்ன விஷயங்களே போதும். 'வலிச்சா கையைத் தூக்குறேன், உடனே நிறுத்திடுங்க' என்று டாக்டரிடம் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். கட்டுப்பாடு நம் கையில் இருக்கிறது என்ற எண்ணமே பாதிப் பதற்றத்தைக் குறைத்துவிடும். ஊசிக்கு முன் ஈறில் மரத்துப்போகும் ஜெல் அல்லது ஸ்ப்ரே உண்டா என்று கேட்கலாம். காலையில் முதல் அப்பாயின்ட்மென்ட் வாங்கினால் நாள் முழுக்க நினைத்து நினைத்துப் பயப்பட வேண்டாம். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுவதும், இயர்போனில் பாட்டுக் கேட்பதும் கைகொடுக்கும்.

குழந்தைகளிடம், 'அடம் பிடிச்சா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்' என்று மிரட்டுவதை முதலில் நிறுத்த வேண்டும். 'வலிக்கவே வலிக்காது' என்ற பொய்யும் வேண்டாம். ஒருமுறை வலித்துவிட்டால் அடுத்த முறை அம்மாவையும் நம்பாது, டாக்டரையும் நம்பாது. 'எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அப்புறம் உதடு குண்டாயிடும்' என்று உள்ளதைச் சொல்லலாம். ஊசியின் தாக்கம் போகும்வரை குழந்தை உதட்டையும் கன்னத்தையும் கடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போகுமா?

போகாது. ஊர் ஊராக உலவும் இந்த நம்பிக்கையால் எத்தனையோ பேர் சொத்தைப் பல்லோடு காலம் தள்ளுகிறார்கள். மேல் பற்களுக்குச் செல்லும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. வயதான காலத்தில் பல்லும் விழும், கண்ணில் புரையும் வரும். இரண்டும் ஒரே வயதில் வருவதால் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். மேல் பல்லின் சீழை அப்படியே விடுவதுதான், அரிதாகக் கண்ணைச் சுற்றிய பகுதிக்குத் தொற்று பரவக் காரணமாகலாம்.

எடுத்த பிறகு...

வைத்த பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் கடித்திருங்கள். முதல் 24 மணி நேரம் எச்சில் துப்புவது, வாய் கொப்பளிப்பது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவது, புகைப்பது கூடாது. பல் இருந்த குழியில் உறையும் ரத்தம்தான் அந்த இடத்துக்கு இயற்கை போடும் கட்டு. மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் மென்மையாகக் கொப்பளிக்கலாம்.

வலி மாத்திரையை, மரத்த உணர்வு முழுதாகப் போவதற்கு முன்பே போட்டுவிடுவது நல்லது. வலி உச்சத்துக்குப் போன பிறகு போட்டால் அடங்க நேரமாகும். அல்சர், சிறுநீரகப் பிரச்னை, ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் எந்த மாத்திரை என்பதை டாக்டரிடம் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். இரண்டாம், மூன்றாம் நாளில் திடீரென்று அதிகமாகி, காது வரை இழுத்து, வாயில் துர்நாற்றமும் அடித்தால், அது 'ட்ரை சாக்கெட்' ஆக இருக்கலாம். ரத்தக்கட்டு விலகி எலும்பு வெளியே தெரியும் நிலை. புகைப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம். டாக்டர் குழியைக் கழுவி மருந்து வைத்தால் வலி தணியும்.

இதற்கு மட்டும் காத்திருக்காதீர்கள்!

பல்வலியோடு காய்ச்சல், வாயைத் திறக்க முடியாமை, தாடைக்குக் கீழே கழுத்து வரை வீக்கம், விழுங்கச் சிரமம், நாக்கு மேலே தள்ளப்படுவது போன்ற உணர்வு, மூச்சுத்திணறல்... இவற்றில் எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சீழ் தாடையின் அடியில் பரவி மூச்சுக்குழாயை நெருக்கும் ஆபத்து இது. ஒரு சொத்தைப் பல் உயிருக்கே உலை வைப்பது இப்படித்தான். அந்த நேரத்தில் கிராம்பும் உதவாது, மெடிக்கல் ஷாப் மாத்திரையும் உதவாது.

இந்த நிலைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் 'கொஞ்சம் வலிதானே' என்று இருந்தவர்கள்தான். பயம் இருந்தால், அப்பாயின்ட்மென்ட்டுக்கு போன் செய்யும்போதே 'எனக்குப் பயம் அதிகம், அதுக்கு என்ன செய்வீங்க?' என்று கேட்டுவிடுங்கள். அங்கே வரும் பதிலை வைத்தே அது உங்களுக்கான கிளினிக்கா, இல்லையா என்று தெரிந்துவிடும்.

அடுத்த வாரம்: பல் எடுத்த இடத்தை அப்படியே விடலாமா? இம்ப்ளான்ட், பிரிட்ஜ், பல்செட்... யாருக்கு எது?